சாக்லேட்டும் ருசி பார்த்து வாங்கும் சரக்கே

மிளகு மூட்டை வந்தால் அள்ளி முகர்ந்து பார்க்கிறோம். பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். சாக்லேட்டை மட்டும் உறையைப் பார்த்தே வாங்கி அடுக்குகிறோம். சில்லறை மிட்டாய்க்கு அது போதும். கைவினை சாக்லேட்டுக்குப் போதாது. 200 ரூபாய்க்கு விற்கும் கட்டியை 150 ரூபாய்க்குக் கொள்முதல் செய்வதாக வைத்துக்கொள்வோம். 12 கட்டியில் 3 வீணானால் மொத்த லாபமும் போயிற்று.

சரக்கைத் தெரிந்துகொள்வோம்

சிறு உற்பத்தியாளர்கள் கோகோ விதையை வாங்கித் தாங்களே வறுத்து, அரைத்து, அச்சில் வார்ப்பது கைவினை சாக்லேட். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக விளைகிறது. விதையைச் சில நாட்கள் புளிக்கவைத்து உலர்த்துவதில்தான் மணத்துக்கு அடிப்படை அமைகிறது. சரியாகப் புளிக்காத விதை துவர்க்கும்.

உறையில் '70 சதவீதம்' என்றால், வெண்ணெயும் சேர்த்துக் கோகோவின் பங்கு 70. மீதி பெரும்பாலும் சர்க்கரை. இது தரத்தின் அளவு அல்ல. கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்திருந்தால் அது மலிவு வகை. அதற்கு உயர்ந்த விலை தரலாகாது.

ருசி பார்க்கும் முறை

1. மேற்பரப்பு சீராகப் பளபளக்க வேண்டும்.

2. ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்து பிய்ந்தால் பதம் தவறியது அல்லது சூடு பட்டது.

3. ஒடித்த இடத்தை முகர வேண்டும்.

4. மெல்லாமல் நாக்கில் கரைய விட வேண்டும். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். வாயின் சூடே போதும். மெழுகுபோல் ஒட்டுவதும் மணலாய் நெருடுவதும் பெரும்பாலும் குறையே. இலேசான பழப்புளிப்பு குறையல்ல. சில விதைகளின் குணம்.

அடுத்த வகைக்குப் போகுமுன் வெதுவெதுப்பான நீர் குடிக்கலாம்.

இருப்பு வைக்கும்போது

மேலே வெள்ளை படிந்தால் பூசணம் என்று பயப்படுகிறோம். பெரும்பாலும் அது வெப்பத்தில் இளகி மேலே வந்த கொழுப்பு. விரலால் தேய்த்தால் வழுவழுப்பாகும். சொரசொரத்தால் ஈரம் பட்டுப் பூத்த சர்க்கரை. இரண்டும் உடம்புக்குக் கெடுதல் அல்ல; ஆனால் ருசி குறைந்திருக்கும். வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி விலை குறைத்துக் கொடுப்பதே முறை.

வெயில் விழும் கண்ணாடி அலமாரி ஆகாது. 16 முதல் 18 டிகிரி உத்தமம். குளிர்பெட்டியில் வைத்தால் இறுக மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் குளிர் விட்ட பிறகே திறக்க வேண்டும், இல்லையேல் வியர்த்துவிடும். பெருங்காயம், சோப்பு, ஊதுவத்தி பக்கத்தில் வேண்டாம். கோகோ வெண்ணெய் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

பெட்டிக் கணக்கில் எடுக்குமுன் ஒரு கட்டி வாங்கி ருசி பார்ப்போம். நாம் அறிந்த ருசியைத்தான் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல முடியும்.