நியூயார்க் சம்பளம்: பெருக்குறதுக்கு முன்னாடி கழிக்கணும்

ஃபைனல் இயர் வந்தாச்சு. பாதிப் பேர் ப்ளேஸ்மென்ட், மீதிப் பேர் ஜிஆர்இ, எஜுகேஷன் லோன்னு ஓடிக்கிட்டு இருக்கோம். 'நியூயார்க்ல வருஷம் ஒரு லட்சம் டாலர்'னு காதில் விழுந்ததும் ரூபாயா மாத்தி, மாசம் ஏழு லட்சத்துக்கு மேலன்னு வாயைப் பிளக்குறோம். பெருக்கல் சரிதான். ஆனா செலவும் டாலர்லதானே? அதனால முதல்ல கழிப்போம்.

1. வரி

மாசச் சம்பளம் சுமார் 8,300 டாலர். நியூயார்க்கில் மத்திய அரசு, மாநிலம், நகரம் என மூணு இடத்துக்கு வருமான வரி கட்டணும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் உண்டு. கல்யாணமாகாத ஒருத்தர் கைக்கு வருவது தோராயமா 5,900 டாலர்.

2. வாடகை

அங்கே பல வீட்டு உரிமையாளர்கள் பார்ப்பது '40 மடங்கு' விதி. மாச வாடகையைப் போல 40 மடங்கு வருட வருமானம் இருக்கணும். 1,00,000-ஐ 40-ஆல் வகுத்தா 2,500. அதுதான் உங்க உச்சவரம்பு. மன்ஹாட்டனில் புது ஒப்பந்தங்களோட மீடியன் வாடகை 4,000 டாலரைத் தாண்டியாச்சு. அதுக்கு 1,60,000 டாலர் சம்பளம் வேணும்! அதனாலதான் நிறையப் பேர் குயின்ஸ், ஜெர்சி சிட்டி பக்கம் ரூம் ஷேர் பண்றாங்க.

ஒரு நல்ல விஷயம்: சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறவங்க உண்டு. நியூயார்க்கில் 2019 சட்டப்படி டெபாசிட் ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது.

3. போக்குவரத்து

2026 ஜனவரியிலிருந்து சப்வே கட்டணம் 3 டாலர். ஒரே கார்டையோ போனையோ தட்டிப் போனா, 7 நாளுக்கு 35 டாலருக்கு மேல பிடிக்க மாட்டாங்க. கார் தேவையே இல்லை.

இதே சம்பளம் ஹூஸ்டன்ல கிடைச்சா? டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது; நகர வரியும் கிடையாது. வரியில் மட்டும் மாசம் சுமார் 700 டாலர் மிச்சம், வாடகையும் கம்மி. ஆனா அங்கே கார் இல்லாம வேலைக்குப் போறது ரொம்பக் கஷ்டம். கார் தவணை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேரும். ஆக, வாடகையைத் தனியா ஒப்பிடாதீங்க. வரி, வாடகை, போக்குவரத்து மூணையும் கூட்டி ஒப்பிடுங்க.

4. விலைச்சீட்டில் இல்லாத விலை

நியூயார்க் விற்பனை வரி 8.875 சதவீதம். அது பில் போடும்போதுதான் சேரும். 100 டாலர் ஹெட்போன் 108.88 ஆகும். ஹோட்டல்ல உட்கார்ந்து சாப்பிட்டா, டிப்ஸ் இன்னொரு 18–20 சதவீதம்.

எம்எஸ் போறவங்களுக்கு

'பார்ட் டைம் பண்ணி சமாளிச்சுக்கலாம் மச்சி'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸ் வேலை வாரம் 20 மணி நேரம்தான். 2026-ல் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர். நாலு வாரத்துக்கு 1,360 டாலர், அதுவும் வேலை கிடைச்சா. ரூம் வாடகைக்கும் மளிகைக்கும் இழுத்துப் பிடிச்சு ஓட்டலாம். ட்யூஷன் ஃபீஸுக்கு இதை நம்பக் கூடாது.

லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப்போறது நம்ம அப்பா அம்மா. பல்கலைக்கழக ரேங்க் பார்க்கிற அதே எக்செல் ஷீட்டில் வரி, வாடகை, போக்குவரத்து, லோன் தவணைன்னு நாலு காலம் சேருங்க. கடைசியில் மிஞ்சும் எண்ணை ரூபாயா மாத்துங்க. அதுதான் உண்மையான பேக்கேஜ்.