ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சர்வரை நகர்த்தாதீர்கள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை தாண்டி, ஒரகடம் வருவதற்கு முன்னால் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. அங்கே ஒரு வாகன உதிரிபாக ஆலையின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று ஷிஃப்ட் ஓடும் இடம். சர்வரை அணைத்து வைத்துப் பராமரிக்க நேரமே கிடைக்காது. அதனால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை (மெய்நிகர் கணினியைத்தான் சொல்கிறேன்) நிறுத்தாமலே இன்னொரு ஹோஸ்டுக்கு, அதாவது இன்னொரு நிஜ சர்வருக்கு, மாற்றிவிட்டு, காலியான ஹோஸ்டில் ரேம் போடுவது, பயாஸ் அப்டேட் செய்வது என்று காலம் ஓடுகிறது. இதற்கு லைவ் மைக்ரேஷன் என்று பெயர். அந்தப் பேச்சு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "விஎம் எத்தனை ஜிபி?" நான் அதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். அந்த விஎம் நொடிக்கு எத்தனை எம்பி நினைவகத்தை மாற்றி எழுதுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

கணக்குப் போட்டால் விளங்கும். 64 ஜிபி விஎம். இரண்டு ஹோஸ்டுக்கும் நடுவே 10 கிகாபிட் லைன், நடைமுறையில் நொடிக்கு 1.1 ஜிபி போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் மொத்த ரேமும் போய்ச்சேர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் விஎம் சும்மா இருக்காது. நொடிக்கு 100 எம்பி வீதம் புதுப்புது நினைவகப் பக்கங்களில் எழுதினால் சுமார் 6 ஜிபி பழையதாகிவிடும், அதைத் திரும்ப அனுப்ப வேண்டும். அதற்கு ஐந்தரை நொடி. அதற்குள் 550 எம்பி மாறியிருக்கும், அதை அனுப்ப அரை நொடி. பிறகு மிஞ்சுவது 50 எம்பி. அப்போது விஎம்மைக் கண் இமைக்கும் நேரம் நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, அந்தப் பக்கம் ஓடவிட்டால் முடிந்தது. இதே விஎம்மை 1 கிகாபிட் லைனில் வைத்துப் பாருங்கள். நொடிக்குப் போவது 110 எம்பி, மாறுவது 100 எம்பி. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம்.

2005இல் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் ஜென் ஹைப்பர்வைசரில் (ஒரே ஹோஸ்டில் பல விஎம்களை ஓட்டும் மென்பொருள்) லைவ் மைக்ரேஷனைச் செய்துகாட்டினார்கள். ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த குவேக் 3 சர்வரை 60 மில்லிநொடி இடைவெளியில் மாற்றியது அந்த ஆய்வில்தான் வருகிறது. ஓயாமல் எழுதப்படும் பக்கங்கள் எத்தனை என்பதை அவர்கள் அப்போதே தனியாக அளந்தார்கள். ஒரே பக்கத்தில் ஆயிரம் முறை எழுதினாலும் ஒரு சுற்றுக்கு அது ஒரு பக்கம்தான். வெவ்வேறு பக்கங்களில் பரவலாக எழுதும் விஎம்தான் நம்மை அலைக்கழிக்கும்.

எந்தப் பக்கம் மாறியது என்று ஹோஸ்டுக்கு எப்படித் தெரிகிறது? நாங்கள் விஎம்களை ஓட்டுவது கேவிஎம், கியூஎமு என்ற மென்பொருள்களில், மேலே அவற்றை நிர்வகிக்க லிப்வர்ட். 4 கேபி பக்கம் ஒன்றுக்கு ஒரு பிட் என்று ஒரு பிட்மேப் இருக்கிறது. 64 ஜிபிக்கு ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் பக்கங்கள், பிட்மேப் வெறும் 2 எம்பி. இடம் பிரச்சினையே இல்லை, செலவு வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாப் பக்கங்களுக்கும் எழுதத் தடை போட்டுவிடுகிறார்கள். விஎம் ஒரு பக்கத்தில் முதல்முறை எழுதப் போகும்போது பிராசஸர் முட்டி நின்று ஹைப்பர்வைசரிடம் போகிறது. அது பிட்டைக் குறித்துக்கொண்டு தடையை நீக்கிவிடும். அடுத்த சுற்றில் திரும்பவும் தடை. ஒரு பைட் மாறினாலும் 4,096 பைட்டும் போயாக வேண்டும். 2 எம்பி பெரிய பக்கங்கள் வைத்திருந்தால், கண்காணிப்பு தொடங்கியதும் எழுதப்படுகிறவற்றை 4 கேபியாக உடைக்கிறார்கள். உடைக்காவிட்டால் ஒரு பைட்டுக்காக 2 எம்பி அனுப்ப வேண்டி வரும். மைக்ரேஷன் தொடங்கியதுமே விஎம் கொஞ்சம் மந்தமாவது இந்த வேலைகளால்தான், நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள்.

இன்டெல் பிராட்வெல் தலைமுறையிலிருந்து பிஎம்எல் என்ற வசதி வந்தது. மாறிய பக்கங்களின் முகவரியைப் பிராசஸரே 512 இடமுள்ள ஒரு பட்டியலில் எழுதிவைக்கும், அது நிறைந்தால்தான் ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். ஜியான் ஈ5 வி3 சர்வரில் இது கிடையாது, வி4இல் உண்டு. செகண்ட்ஹாண்டில் சர்வர் வாங்கும் சின்ன கம்பெனிகள் இந்த ஒரு எண் வித்தியாசத்தைக் கவனிப்பது நல்லது. கேவிஎம்-இன்டெல் மாட்யூலின் அளவுருக்களில் பிஎம்எல் எதிரே 'ஒய்' இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இனி ஆலைக்கு வருகிறேன். எங்கள் உற்பத்திக் கண்காணிப்பு விஎம் பகல் பதினோரு மணிக்குப் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். காலை 6, மதியம் 2, இரவு 10 நெருங்கினால் ஆளே மாறிவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் பஞ்ச் போடுகிறது, போகிற ஷிஃப்ட்டின் அறிக்கை தயாராகிறது, வருகிற ஷிஃப்ட்டின் பிளான் ஏறுகிறது, ஜாவா புரோகிராம் தன் ஹீப்பைத் துடைத்துத் துடைத்து மறுபடி நிரப்புகிறது. கிராஃப் பார்த்தாலே ஷிஃப்ட் மாறும் நேரம் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று பேக்கப். விஎம்முக்குள் ஓடும் பேக்கப்பும் ஆன்டிவைரஸ் ஸ்கேனும் டிஸ்கைப் படிக்கத்தானே செய்கின்றன, எழுதவில்லையே என்று நினைப்போம். படித்தது எங்கே போகிறது? ரேமில் உள்ள கேஷுக்கு. டிஸ்கைப் படிப்பது என்றால் ரேமில் எழுதுவது. ராத்திரி இரண்டு மணி அமைதியாக இருக்கும் என்று நம்பி அப்போது மைக்ரேஷன் வைத்தால், அதே இரண்டு மணிக்கு முழு ஸ்கேனும் ஷெட்யூல் ஆகியிருக்கும். அதனால் அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 2021 முதல் லிப்வர்ட்டில் 'டொம்டர்ட்டிரேட்-கால்க்' என்ற கமாண்ட் இருக்கிறது. ஓடும் விஎம்மின் பக்கங்களை மாதிரிக்கு எடுத்து, ஒரு நொடி கழித்து ஒப்பிட்டு, நொடிக்கு எத்தனை எம்பி மாறுகிறது என்று சொல்லும். அது மதிப்பீடுதான், ஆனால் நேரம் குறிக்க அது போதும். மைக்ரேஷன் தொடங்கிய பிறகு 'டொம்ஜாப்இன்ஃபோ' பாருங்கள். அதில் டர்ட்டி ரேட் பக்கக் கணக்கில் வரும். 25,000 என்று காட்டினால் சுமார் 100 எம்பி என்று அர்த்தம். இட்டரேஷன் (சுற்று) எண் ஏறிக்கொண்டே போய், மிச்சமிருக்கும் நினைவகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். பழைய ஹோஸ்டில் விஎம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நஷ்டம் ஒன்றும் இல்லை.

"ஆட்டோ-கன்வர்ஜ் போடுங்களேன்" என்பார்கள். விஎம் எழுதும் வேகம் அடங்காவிட்டால் அதன் சிபியூவைக் கழுத்தைப் பிடித்து மெதுவாக்கும் வசதி அது. வழக்கமாக 20 சதவீதத்தில் தொடங்கும், போதாவிட்டால் பத்துப் பத்தாக ஏற்றும், 99 வரை போகும். ஒரு மதியம் அது ஓடிக்கொண்டிருந்தபோது அசெம்பிளி லைன் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"தம்பி, சர்வர்ல எதுனா நோண்டுறீங்களா? ஸ்கேன் பண்ணா பச்சை லைட் வர லேட் ஆவுது."

"ஆமாண்ணே, மாத்திட்டு இருக்கேன். லைன் நின்னுச்சா?"

"இன்னும் நிக்கல. ஆனா பசங்க ரெண்டு ரெண்டு தடவ ஸ்கேன் பண்றானுங்க."

இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் எழுத்து இன்னும் கூடும், எழுத்து கூடினால் சிபியூவை இன்னும் பிடிக்கும். அன்று ரத்து செய்து, ஷிஃப்ட்டுக்கு நடுவில் ஆட்டோ-கன்வர்ஜ் இல்லாமல் தொடங்கினேன். தானாகவே முடிந்தது. கடைசியில் விஎம் நிற்கும் கால் நொடியை லைனில் யாரும் உணரவில்லை. மெதுவாக்கப்பட்ட சில நிமிடங்களைத்தான் எல்லோரும் உணர்ந்தார்கள். கியூஎமுவில் கடைசி நிறுத்தத்துக்கு அனுமதி 300 மில்லிநொடி. அதை ஒரு நொடியாக உயர்த்தினால், 10 கிகாபிட் லைனில் 1 ஜிபிக்குமேல் மிச்சம் இருந்தாலும் மைக்ரேஷன் முடிந்துவிடும். சிபியூவைப் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பிஎல்சி (லைனில் உள்ள இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) எத்தனை நொடி பதிலுக்குக் காத்திருக்கும் என்று கண்ட்ரோல்ஸ் எஞ்சினியரிடம் கேட்காமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

படிக்க மட்டும் செய்யும் சிபியூவையும் ஆட்டோ-கன்வர்ஜ் சேர்த்துத் தண்டிக்கிறது என்பது பழைய புகார். எழுதுகிற சிபியூவை மட்டும் கட்டுப்படுத்தும் டர்ட்டி-லிமிட் இப்போது கியூஎமுவில் வந்துவிட்டது. லினக்ஸ் 5.11இல் சேர்ந்த டர்ட்டி ரிங் (மாறிய பக்கங்களை ஒவ்வொரு சிபியூவுக்கும் தனித்தனியாகக் குறிக்கும் முறை) இருந்தால்தான் அது வேலை செய்யும். புது ஹோஸ்ட் போடுபவர்கள் இதையே முதலில் முயலலாம். போஸ்ட்-காப்பி என்று இன்னொரு வழி இருக்கிறது. விஎம்மை முதலில் அந்தப் பக்கம் ஓடவிட்டு, நினைவகத்தைப் பின்னால் இழுப்பது. எவ்வளவு எழுதினாலும் முடிந்துவிடும், ஆனால் பாதி நினைவகம் இங்கே, பாதி அங்கே இருக்கும்போது பழைய ஹோஸ்ட் கரண்ட் போய் விழுந்தால் விஎம் போச்சு. ஆலையில் அதை நான் தொடுவதில்லை.

இந்த வழி எதுவும் எடுபடாத விஎம் ஒன்றும் எங்களிடம் உண்டு. டெஸ்டிங் லைனில் இருக்கும் அந்த விஎம்முக்கு ஒரு டேட்டா அக்விசிஷன் கார்டை நேரடியாகக் கொடுத்திருக்கிறோம். அந்த கார்டு சிபியூவைக் கேட்காமலே ரேமில் எழுதும். அதனால் பிட்மேப்பில் ஒரு பிட்டும் மாறாது, மைக்ரேஷன் தொடங்கவே மறுக்கும். கார்டு எழுதியதை ஐஓஎம்எம்யூ (கார்டுகளின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஹார்டுவேர்) வழியாகக் கணக்கெடுக்கும் வசதி லினக்ஸ் 6.7இல்தான் வந்தது, அதற்கும் ஹார்டுவேரும் டிரைவரும் ஒத்துழைக்க வேண்டும். அந்த ஒரு விஎம்மை மட்டும் ஆயுத பூஜை விடுமுறையில் அணைத்துவிட்டுத்தான் நகர்த்துகிறோம்.