கடலில்லா ஊருக்குக் கடல் செய்தி எதற்கு?



"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று வானிலைச் செய்தி தொடங்கியதும் நம் வீடுகளில் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆகவே அந்தச் செய்தி கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் உரியது என்பது நம் நினைப்பு. ஃபெஞ்சல் புயல் அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிட்டது.

சவூதி அரேபியா கொடுத்த பெயரைத் தாங்கிய அந்தப் புயல், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. "கடந்துவிட்டதாம், அல்ஹம்துலில்லாஹ்" என்று அன்றிரவு பலரும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டோம். உண்மையில் பெரிய மழை அதற்குப் பிறகுதான் வந்தது. புயல் நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. மறுநாள், வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் ஏறத்தாழ அதே அளவு கொட்டியது. அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் என்று நம் மாவட்டத்தின் ஆற்றங்கரை ஊர்களைத் தாண்டித்தான் அந்த வெள்ளம் விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் போனது.

புயல் கரையேறிய பிறகும் ஏன் இப்படி? வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து எழும் ஈரமும் வெப்பமுமே புயலுக்குத் தீனி. தரைக்கு வந்ததும் அந்தத் தீனி நின்றுபோவதால் காற்றின் வேகம் குறைகிறது. ஆனால் ஏற்கெனவே மேகங்களில் ஏறிய ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. புயல் மெதுவாக நகர்ந்தால் அது ஒரே பகுதியில் கொட்டித் தீர்க்கும்.

இதை முன்கூட்டியே கணிக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வங்கக் கடலில் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் மிதவைகள் காற்றழுத்தம், நீரின் வெப்பம், அலை ஆகியவற்றை அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. மேலே இன்சாட் செயற்கைக்கோள்கள், கரையில் சென்னை, காரைக்கால் ரேடார்கள். இவ்வளவு இருந்தும் கணிப்பு தவறுவதுண்டு. ஃபெஞ்சல் புயலாக மாற வாய்ப்பில்லை என்று ஒரு கட்டத்தில் சொல்லப்பட்டது. மறுநாளே அது புயலானது. அதற்காக அறிவிப்பை அலட்சியம் செய்வது சரியல்ல. நேற்றைய அறிவிப்பை வைத்து இன்றைக்கு முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்திய வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. முதல் மூன்றும் முறையே 72, 48, 24 மணி நேரம் முன்பாகக் கடலோர மாவட்டங்களுக்கு. நான்காவது, கரையைக் கடக்க ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்கும்போது வருவது. கரையேறிய பின் புயல் எந்தப் பக்கம் போகும், உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதை அது சொல்கிறது. நமக்கென்றே எழுதப்படும் அறிவிப்பு அது. நாம் டி.வி.யை அணைத்த பிறகு வருவதுதான் வேதனை.

அதில் வரும் அளவுகளையும் புரிந்துகொள்வோம். ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் 'அதி கனமழை'. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் நிலத்தில் அதே 1 செ.மீ. சுமார் 40,000 லிட்டர். 20 செ.மீ. மழை கல்வராயன் மலைச் சரிவு முழுவதும் பெய்தால் கோமுகி, மணிமுக்தா அணைகளுக்கு என்ன வரும் என்பதை வீட்டுப் பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொல்லலாம்.

கடல் செய்தி நமக்குத் தேவைப்படும் இன்னொரு சமயம் விடுமுறைச் சுற்றுலா. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு மீன் திரளும் இடங்களைச் சொல்லி டீசலை மிச்சப்படுத்துகிறது. 2007 முதல் சுனாமி எச்சரிக்கையும் தருகிறது. 'கள்ளக்கடல்' எச்சரிக்கை தருவதும் அதுவே. (நம் ஊர்ப் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேரள மீனவர்கள் வைத்த பெயர்.) தொலைதூரத் தென் சமுத்திரத்தில் வீசிய காற்றால் கிளம்பும் பேரலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத நல்ல வெயில் நாளில் திருடனைப்போல் கரையேறும். 2024 மே மாதம் அப்படியோர் எச்சரிக்கை இருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். திருமணத்துக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போகும் நம் குடும்பங்கள், அன்று காலை அறிவிப்பைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தமிழில் பார்க்க 'டி.என்.அலர்ட்' செயலி இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில எண் 1070. செல்போன் இல்லாத முதியவர்களுக்காகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த அறிவிப்பு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வெளியானது என்பதையும் சேர்த்து வாசியுங்கள். புயல் கரையைக் கடந்த மறுநாளும், அதற்கடுத்த நாளும் வாசியுங்கள்.