அவசர சிகிச்சையும் மின்னணு நோயாளிப் பதிவேடும்

ஸர் ஜோசப் போர் என்பவரின் தலைமையில் அமைந்த குழு 1946-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், கிராம மக்களுக்கென ஆரம்ப சுகாதார நிலையங்களை நிறுவுதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சமவெளியில் 30,000 மக்களுக்கும், மலைப் பகுதிகளிலும் ஆதிவாசிகள் வாழும் பகுதிகளிலும் 20,000 மக்களுக்கும் ஒரு நிலையம் என்பது இன்றுள்ள நியதியாகும். அதன் கீழ் முறையே 5,000 அல்லது 3,000 மக்களுக்கு ஒரு துணை நிலையம் அமைகிறது. அபாய நிலையிலுள்ள எல்லா நோயாளிகளுக்கும் இங்கு முழுச் சிகிச்சை அளித்தல் இயலாது. முதற் சிகிச்சை அளித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய சந்தர்ப்பங்கள் பல. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஹைதராபாதில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவி, நோயாளியை விரைவில் கொண்டு சேர்க்க வழி செய்தது. ஆயினும், நோயாளியைப் பற்றிய செய்தியும் அவருடனேயே சென்று சேர வேண்டும்.

ஓர் உதாரணம்

நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்குத் துணை நிலையத்தில் திடீரென வலிப்புக் காண்கிறது எனக் கொள்வோம். எக்லாம்ப்சியா எனப்படும் இந்நோய் தாய், சேய் இருவர் உயிரையும் கொள்ளவல்லது. இதற்குரிய மருந்து மக்னீசியம் சல்பேட். ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர், ஒவ்வொரு பிட்டத்தின் தசையிலும் 5 கிராம் வீதம் மொத்தம் 10 கிராம் ஆழமாகச் செலுத்தி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் முறையாகும்.

அங்குள்ள மருத்துவர் முதலில் அறிய விரும்புவது யாது? மருந்து செலுத்தப்பட்டதா, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதே. செய்தி கிட்டாமையால் அவர் முதல் அளவையே முழுமையாக மறுபடியும் செலுத்துவாராயின், இரத்தத்தில் மக்னீசியம் மிகுந்து சுவாசம் தளரும். ஏற்கெனவே செலுத்தியிருப்பர் என எண்ணி வாளாவிருப்பாராயின், வலிப்பு மீண்டும் வரும். அடுத்த அளவான 5 கிராம், நான்கு மணி நேரம் கழிந்த பின்னரே தரப்படுகிறது. அப்போதும் சுவாசம் நிமிடத்திற்கு 16-க்குக் குறையாமலும், முழங்கால் அனிச்சை மறையாமலும், சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். இக்கணக்கெல்லாம் முதல் ஊசியின் நேரத்திலிருந்தே தொடங்குகிறது.

மின்னணுப் பதிவேட்டின் பயன்

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பெற்றது. இதன்படி, விரும்புவோர் ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண்ணைப் பெறலாம். பதிவுகள் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை எழுதப்பட்ட நிலையத்திலேயே இருக்கின்றன. நோயாளியின் சம்மதத்தின் பேரில் வேறொரு நிலையம் அவற்றைக் காணலாம். கர்ப்பிணியின் முந்தைய இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை மருத்துவர் இவ்வாறு அறிந்துகொள்ள முடியும்.

ஆனால் நினைவிழந்த நோயாளி கைபேசியை எடுத்துச் சம்மதம் அளிக்க இயலாது. மின்சாரமோ தொடர்போ அற்றுப் போகவும் கூடும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், உயிருக்கு அபாயம் நேரும் மருத்துவ அவசரத்தில் சம்மதமின்றியும் தரவைப் பயன்படுத்த இடம் அளிக்கப்பட்டுள்ளது. எனினும், சட்டம் இடமளித்த மாத்திரத்தில் கணினி திறந்துவிடாது. ஆகவே ஊழியர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. சிகிச்சையே முதலாவது. எண் இல்லை என்றோ, பதிவு முடியவில்லை என்றோ சிகிச்சையைத் தாமதித்தல் ஆகாது. உயிரைக் காப்பதே முதற் கடமை, நடைமுறைகள் அதற்குத் தடையாகலாகா என 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

2. மருந்தின் பெயர், அளவு, செலுத்திய வழி, மணி ஆகியவற்றைச் செலுத்திய உடனே சீட்டில் எழுதி நோயாளியுடன் அனுப்புக. அதே செய்தியை மருத்துவமனைக்குத் தொலைபேசியிலும் தெரிவிக்க.

3. அபாயம் நீங்கியபின் மின்னணுப் பதிவேட்டில் அதனைச் சேர்க்கும்போது, மருந்து செலுத்திய மணியையே குறிக்க. பதிவு செய்த மணியை அன்று.

4. பதிவேட்டில் இரத்த வகை காணப்படினும், இரத்தம் ஏற்றுமுன் மருத்துவமனையில் மீண்டும் பரிசோதித்தே ஆகவேண்டும். இதனை நோயாளியின் உறவினருக்கும் விளக்குக.

சாதாரண நாட்களில் ஒழுங்காக எழுதப்பெற்ற பதிவேடே அபாய நாளில் உதவும். கர்ப்பிணி ஒவ்வொரு முறை வரும்போதும் இரத்த அழுத்தத்தை அளந்து பதிவு செய்யின், 140/90 என்னும் அளவை அது எட்டும்போதே நோயின் வருகையை உணர்ந்து, பல சமயங்களில் வலிப்பு நேராமலே தடுத்துவிடலாம்.

பயிற்சி வினாக்கள்

1. முதல் ஊசி செலுத்திய மணியை எழுதாமையால் நேரும் இருவகை அபாயங்கள் யாவை?
2. மின்னணுப் பதிவேடு இருப்பினும் கையெழுத்துச் சீட்டு ஏன் தேவைப்படுகிறது?
3. மாணவர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் துணைச் செவிலியராகவும் மற்றவர் மருத்துவராகவும் இருந்து, மேற்கண்ட செய்தியைத் தொலைபேசியில் சொல்லவும் திருப்பிக் கூறவும் பழகுக.