பாட்டி சொல்லும் வேடிக்கையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்

மலாயில் 60 வயதைத் தாண்டியவர்களை ‘வார்கா எமாஸ்’ என்கிறோம். சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதினால் ‘தங்கக் குடிமக்கள்’. கேரி தீவுப் பாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னால், “தங்கமா? அடகுக் கடையில எவ்வளவு குடுப்பான்?” என்றுதான் கேட்பார்.

பால் வெட்டியும், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியும் உரமேறிய உடம்பு அது. வலிக்கிறது என்று சொல்லிப் பழகாத தலைமுறை. அதனால் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் வேடிக்கைப் பேச்சாகத்தான் வெளியே வரும். வீட்டில் எல்லாரும் சிரிப்போம். சிரித்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்; இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

“பாத்ரூமுல சாஷ்டாங்கமா ஒரு கும்பிடு போட்டுட்டேன்”

இது கீழே விழுந்த செய்தி. சுகாதார அமைச்சு 2018இல் நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவர் அதற்கு முந்திய 12 மாதங்களில் விழுந்திருந்தார். ஒருமுறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு அதிகம். ஆனால் “விழுந்தீர்களா?” என்று கேட்டால் “இல்லையே” என்பார்கள். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் அகராதியில் அது ‘சறுக்கிட்டேன்’, ‘தடுமாறிட்டேன்’, ‘சும்மா உக்காந்துட்டேன்’. ஆகவே அந்தச் சொற்களிலேயே கேளுங்கள்: எங்கே சறுக்கியது? எழுந்தவுடன் தலை சுற்றியதா? இரவிலா, பகலிலா?

பதில் எதுவோ அதற்கேற்பத்தான் மருந்தும். எழும்போது தலை சுற்றினால், ரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவு காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். கண் மங்கலா என்றும் பார்க்க வேண்டும். ஈரத் தரை, தேய்ந்த சிலிப்பர், பாத்ரூம் போகும் வழியில் எரியாத விளக்கு ஆகியவற்றை நீங்களே இன்று சரிசெய்துவிடலாம்.

தலையில் அடிபட்டிருந்தால், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால், வீக்கம் இல்லை என்று காத்திருக்காதீர்கள். அன்றே பாலத்தைத் தாண்டி பந்திங் அல்லது கிள்ளான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எழவே முடியாவிட்டால் தூக்கி நிறுத்தாமல் 999ஐ அழையுங்கள்.

“சிரிக்க வைக்காதீங்க, அப்புறம் சேலை மாத்தணும்”

இதைப் பெண்கள் மட்டும் கூடியிருக்கும்போதுதான் சொல்வார்கள். இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிவது வயதானால் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று அல்ல. சிறுநீரை அடக்கும் தசைகளுக்குப் பயிற்சி உண்டு. கிளினிக்கில் கேட்டால் விளக்குவார்கள். அடிக்கடி போக வேண்டியிருந்தால் இனிப்பு நீரோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம், சோதித்துப் பார்க்க வேண்டும்.

சொல்லக் கூச்சப்படும் பாட்டி என்ன செய்வார்? தண்ணீரைக் குறைத்துவிடுவார். கோயிலுக்குப் போகும் நாளில் காலையிலிருந்து ஒரு மடக்குக்கூடக் குடிக்க மாட்டார். நம் வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும், மயக்கம் மறுபடியும் பாத்ரூம் கும்பிட்டில் கொண்டுபோய் விடும். இரவில் அவசரமாக ஓடுவதும் அப்படித்தான். மாமியாரிடம் இதைக் கேட்க மருமகளுக்குத் தயக்கமாக இருந்தால், மகளோ தங்கையோ கேட்கட்டும்.

“பேரு மறந்தா என்ன? ‘டேய்’னா எல்லாப் பயலும் திரும்பிப் பாப்பான்”

ஆறு பேரன்களின் பெயர் குழம்புவது யாருக்கும் நடக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். நாற்பது வருடமாக வைத்த மீன் குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று நின்றால், பழகிய வழியில் திரும்பி வரத் தெரியாவிட்டால், சொன்னதையே சற்று நேரத்தில் புதிதுபோலச் சொன்னால் கிளினிக்கில் நினைவாற்றல் சோதனை கேளுங்கள். அதே 2018 ஆய்வில், 100 முதியவர்களில் 8 அல்லது 9 பேருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. காது கேளாமையும் மறதி போலத் தோன்றும். “மருமக பேச்சு கேக்காம இருக்கத்தான் சாமி காதை அடைச்சிட்டாரு” என்கிறாரா? அடைத்தது வெறும் காதழுக்காக இருக்கலாம், கிளினிக்கிலேயே எடுத்துவிடுவார்கள்.

கால் பலத்துக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. அசையாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மறுபடி உட்கார வேண்டும். முடிந்தவரை 10 முறை. 65 வயதைத் தாண்டியவர்கள் உடல் சமநிலைக்கான பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் சில நாட்கள் பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணட்டும். எண்ணிக்கையில் கள்ளாட்டம் இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூட்டுவலி மாத்திரையும், கடையில் வாங்கிய லேகியமும் அதில் இருக்கட்டும். சறுக்கிய நாளையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும்போது பாட்டி “ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்” என்பார். அப்போது அந்தத் தாளை எடுத்துக் கொடுங்கள்.