மாதவிலக்கு திரும்புமுன் கருத்தரிப்பு

எதிர்பாராமல் கருவுற்று வரும் பெண்களிடம், கருத்தடை முறை எதையேனும் பின்பற்றினீர்களா என்று வினவுகிறோம். ‘இல்லை’ என்றவுடன், உடன் வந்தோர் அதனை அலட்சியம் எனக் கடிந்துகொள்கின்றனர். அது பெரும்பாலும் பொருந்தாது. இப்போது கரு தங்காது என்று அப்பெண் ஒரு கணக்கிட்டிருப்பார். பிழை அந்தக் கணக்கில்தான் உள்ளது.

அவற்றுள் மிகப் பரவலானது, அண்மையில் குழந்தை பெற்றவர்களின் கணக்கு. ‘பால் கொடுக்கிறேன், மாதவிலக்கு இன்னும் வரவில்லை, ஆகவே அச்சமில்லை’ என்பர். இதில் பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருத்தல், மாதவிலக்கு திரும்பாதிருத்தல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால், 100 பேரில் ஏறத்தாழ இருவரே கருவுறுவர். புட்டிப்பாலோ கஞ்சியோ தொடங்கிவிட்டால் அந்தக் காப்பை நம்ப இயலாது. மேலும், முதலில் கருமுட்டை வெளிப்படுகிறது. மாதவிலக்கு ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்தே வருகிறது. ஆதலால் பேறுகாலத்திற்குப் பின் ஒருமுறையேனும் விலக்காகாமலே மீண்டும் கருவுறுதல் நிகழக்கூடும். பால் கொடுக்காதவர்களுக்கு நான்காம் வாரத்திலேயே கருமுட்டை வெளிப்படலாம்.

கணவர் வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறார் என்போரும், நாற்பதைக் கடந்துவிட்டோம் என்போரும் இவ்வாறே ஏமாறுகின்றனர்.

வேறு சிலரைத் தடுப்பது அச்சம். காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்குச் செல்லும் வழி ஏதுமில்லை. முதற்சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் மிகலாம் என்பது மெய். அதனை முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

ஒரு பேற்றுக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே 24 மாத இடைவெளி வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அறுவைசிகிச்சையால் பிரசவித்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தையல் வலுப்பெறக் காலம் வேண்டும். பேறு முடிந்த 48 மணி நேரத்திற்குள்ளேயே காப்பர் டி பொருத்திக்கொள்ளலாம். ‘சாயா’ மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பாலூட்டுவோரும் உட்கொள்ளலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் ‘அந்தரா’ ஊசியைப் பாலூட்டும் தாய்மார் ஆறு வாரம் கழித்துத் தொடங்கலாம். இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். எது ஏற்றதென்பதைக் கணவரும் உடனிருக்க, பிரசவத்திற்கு முன்பே பேசி முடிவு செய்வது எளிது.

பாலூட்டும் காலத்தில் குமட்டலோ மிகுந்த சோர்வோ தோன்றினால், விலக்காகட்டும் என்று காத்திராமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுகிறோம்.