உழைப்பும் இருதயமும்

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் முதலாவது மூலதனம் அவர்தம் தேகமே. தறியும் நிலமும் அதற்கு அடுத்தபடியாகத்தான் வரும். சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். தேகத்தின் கணக்கைத் தணிக்கை செய்து பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே. அக்கணக்கில் குறைவு நேரும்போது அதை முதலில் காட்டித் தருவது பெரும்பாலும் அன்றாட வேலைதான். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது; பலகை அடிக்கும் கை வழக்கத்துக்கு முன்பே ஓய்கிறது; இரண்டு குடம் நீர் சேந்தியதும் உட்காரத் தோன்றுகிறது. "வயதாகிவிட்டது", "வெயில் அதிகம்", "இரவில் உறக்கமில்லை" என்று சமாதானம் கூறி நாட்களைக் கடத்துகிறோம். நெய்த அளவுக்குக் கூலி பெறுவோருக்கு ஒரு நாள் ஓய்வு ஒரு நாள் வருவாயின் இழப்பு. ஆகையால் நோயை மறைப்பதும் வழக்கமாகிவிடுகிறது. மூச்சிளைப்பு, கைச்சோர்வு ஆகிய இவ்விரு குறிகளையும் எவ்வாறு அறிவது, எப்போது டாக்டரிடம் செல்வது, இருதய நோய் உறுதியானபின் வேலையை எவ்விதம் அமைத்துக்கொள்வது என்பனவே இப்பாடத்தின் பொருள்.

இருதயத்தின் சேமநிதி

இருதயம் ஏறக்குறைய நம் மூடிய கையளவுள்ள தசைப்பை. ஓய்வு வேளையில் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடித்து, சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. கடுமையாக உழைக்கும்போது, நல்ல தேகக்கட்டுள்ளவரின் இருதயம் நிமிஷத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரை செலுத்த வல்லது. இந்த வித்தியாசத்தையே இருதயத்தின் சேமநிதி எனலாம்.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் கொழுப்பு படிந்து குறுகுதல், நெடுநாள் கவனியாமல் விட்ட இரத்தக் கொதிப்பு, வால்வுகளின் பழுது, முன்பு வந்த மாரடைப்பு ஆகிய எதுவாயினும் முதலில் கரைப்பது இந்தச் சேமநிதியைத்தான். ஆதலால் உட்கார்ந்திருக்கையில் ஒரு குறையும் தெரிவதில்லை. வேலை என்னும் செலவு வரும்போதுதான் கையிருப்பு போதவில்லை என்பது வெளிப்படுகிறது. சாய்ந்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் ஒருவருக்கு இருதயக் குழாய் நோய் இருக்கக்கூடும் என்பதன் காரணமும் இதுவே.

மூச்சு ஏன் வாங்குகிறது?

இருதயத்தின் இடப்புறம் நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை ஏற்று உடலுக்கு அனுப்புகிறது. அது பலமிழந்தால், வரும் இரத்தம் உடனுக்குடன் கடந்து செல்லாமல் பின்னால் தேங்குகிறது. மடை அடைபட்டால் வாய்க்காலில் நீர் மட்டம் உயர்வதைப் போல, நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் அழுத்தம் உயர்ந்து, நீர் கசிந்து மூச்சுப் பைகளைச் சூழ்கிறது. மூச்சு திணறுகிறது. படுத்தால் கால்களிலுள்ள இரத்தமும் மார்புக்குத் திரும்புவதால் திணறல் மிகும். இரண்டு மூன்று தலையணை வைத்துக்கொண்டாலன்றி உறங்க முடியாமை, உறங்கிய சிறிது நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல், மாலையில் கால் வீங்குதல் ஆகியன இதன் கூட்டாளிகள்.

கை ஏன் சோர்கிறது?

கால் தசைகள் பெரியவை. கைத் தசைகள் சிறியவை. ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அதிகமாக உயர்கின்றன. கையைத் தோளுக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலையில் இந்தப் பாரம் இன்னும் மிகும். மேலும், தோளையும் மார்பையும் சேர்ந்த சில தசைகள் கைக்கும் உதவுகின்றன, மூச்சுக்கும் உதவுகின்றன. கையைத் தூக்கி நிற்கும்போது அவை கையின் பணியில் ஈடுபட்டுவிடுவதால் மூச்சுக்கு உதவி குறைகிறது. உயரத்தில் கட்டிய கொடியில் ஈரத்துணி உலர்த்தும்போதும் தலை வாரும்போதும் இருதய நோயாளிக்கு இளைப்பு வருவது இதனாலேயே.

கைத்தறியைப் பாருங்கள். கால்கள் மிதிகளை மாறி மாறி மிதிக்கின்றன. ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கிறது. மற்றொரு கை பலகையை ஆட்டி ஊடையை அடித்து நெருக்குகிறது. கைக்கு இடைவிடாத வேலை. வயலில் மண்வெட்டி பிடிப்போருக்கும், முதுகில் மருந்துத் தெளிப்பானைச் சுமந்து கையால் காற்றடிப்போருக்கும் இதே நிலைமைதான். பலவீனப்பட்ட இருதயம் போதிய இரத்தம் அனுப்பாதபோது தசைகள் விரைவில் களைக்கின்றன. நோய் நீடித்தால் தசைகளே மெலிகின்றன.

கைச்சோர்வுக்கு வேறொரு பொருளும் உண்டு. வேலை செய்யும்போது கையில் பாரமும் வலியும் தோன்றி, நிறுத்தினால் சில நிமிஷங்களில் மறைந்து, மறுபடி வேலை தொடங்கினால் மீண்டும் வருமாயின், அது இருதயக் குழாய் அடைப்பின் அறிகுறியாகலாம். இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் உணவுக்குப் பின்னும், வந்து, நின்றால் நீங்கும் மார்பு நோவை 1768-ஆம் ஆண்டிலேயே லண்டனில் விவரித்தார். அந்நோவு இடக்கைக்கும் பரவுவதுண்டு என்பதையும் அவர் கண்டிருந்தார். பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோரிடம் மார்பு வலியே இல்லாமல், மூச்சிளைப்பாகவோ காரணமற்ற களைப்பாகவோ மட்டும் இந்நோய் தோன்றக்கூடும்.

எல்லாம் இருதயமா?

அன்று. இரத்தசோகை, ஆஸ்துமா, புகைபிடித்தலால் கெட்ட நுரையீரல், தைராய்டுக் கோளாறு இவற்றிலும் இளைப்பும் களைப்பும் உண்டு. பஞ்சுத்தூள் மிகுந்த ஆலைகளில் வேலை செய்வோருக்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகி மூச்சு முட்டுமானால், அது தூசியால் வரும் நுரையீரல் நோயாகலாம். கழுத்தெலும்புத் தேய்வும் தோள்மூட்டு நோயும் கையை ஓயச் செய்யும். ஒரு கை மட்டும் சோர்ந்து, அக்கையில் நாடி மெலிந்திருப்பின், அக்கைக்குச் செல்லும் குழாய் குறுகியிருக்கலாம். இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். இளம் பெண்களுக்கு, அதிலும் கர்ப்ப காலத்தில், முதன்முதலாக மூச்சிளைப்பு தோன்றுமாயின், சிறு வயதில் வந்த தொண்டைப் புண்ணையும் மூட்டுக் காய்ச்சலையும் தொடர்ந்து வால்வு சுருங்கியிருப்பதும் ஒரு காரணமாகும். எது காரணம் என்று பிரித்தறிவது டாக்டரின் வேலை. குறியைக் கண்டதும் அவரிடம் போவது நம் வேலை.

வேலையே அளவுகோல்

நியூயார்க் இருதயச் சங்கம் 1928-இல் வகுத்த நான்கு படிகளை டாக்டர்கள் இன்றும் கையாளுகின்றனர். வழக்கமான வேலையில் தொல்லை இல்லாதது முதற்படி. வழக்கமான வேலையில் இளைப்போ களைப்போ வருவது இரண்டாம் படி. அதற்கும் குறைந்த சிறு வேலையிலேயே வருவது மூன்றாம் படி. ஓய்விலும் வருவது நான்காம் படி. ஆக, அன்றாட வேலையே அளவுகோல்.

இந்த அளவுகோல் நம் வீட்டிலேயே இருக்கிறது. தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து வீடு வரை ஒரு குடம் சுமப்பது, ஒரு தார் தீரும் வரை நெய்வது, ஒரு பாத்தி கொத்துவது என எதுவாயினும் சரி. சென்ற மாதம் நிற்காமல் செய்த அதே வேலையில் இம்மாதம் இடையில் நிற்க நேர்கிறதா? வேலை செய்துகொண்டே ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா? டாக்டரிடம் "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அதிகம் விளங்காது. "இரண்டு மாதத்துக்கு முன் ஆறு மணி நேரம் நெய்தேன், இப்போது அரைமணிக்கு ஒருமுறை நிறுத்துகிறேன்" என்று சொன்னால் பாதி நோய் அவருக்குப் புலப்பட்டுவிடும்.

தாமதிக்கலாகாத குறிகள்

ஓய்விலும் மூச்சுத் திணறல், மார்பில் பாரம் வைத்தாற்போன்ற இறுக்கம், அது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், நுரையுடன் கூடிய சளி. இவற்றில் ஏதேனும் கண்டால் வேலையை விட்டு உட்கார்ந்து, 108-க்குச் சொல்லியனுப்ப வேண்டும். வாயுத் தொல்லை என்று கஷாயம் வைத்துக் காத்திருத்தல் கூடாது. தனியாகச் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ புறப்படுவதும் தவறு. மாரடைப்புக் குறியுடன் வருவோருக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் பொருட்டு, தமிழ்நாட்டில் 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது.

வேலையை அமைத்துக்கொள்ளும் முறை

இருதய நோய் வந்தவர் படுத்தே கிடக்க வேண்டுமென்பது பழைய எண்ணம். நோய் கட்டுக்கு வந்தபின், டாக்டர் யோசனைப்படி படிப்படியாக உழைப்பதே தசைக்கும் இருதயத்துக்கும் நன்மை. முற்கூறிய ஹெபர்டனே, நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்த ஒருவரைக் குறிப்பிட்டுள்ளார். எனினும் கீழ்க்கண்ட விதிகள் நினைவிலிருக்கட்டும்.

1. களைத்தபின் ஓய்வதைவிடக் களைக்குமுன் ஓய்வது மேல். வேலையைச் சிறு தவணைகளாகப் பிரித்துக்கொள்க.

2. தோளுக்கு மேல் கை தூக்கும் வேலையைக் குறைக்கவும். கொடியைத் தாழக் கட்டவும். அன்றாடப் பாத்திரங்களை இடுப்பு உயரத்தில் வைக்கவும். முழங்கைக்கு ஊன்றுகோள் இருக்கட்டும்.

3. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கலாகாது. தூக்கும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளிவிடுக. ஒரு முழுக் குடத்துக்குப் பதில் இரண்டு அரைக் குடம்.

4. உண்டவுடன் கடும் வேலையும், உச்சி வெயிலில் மண்வெட்டும் வேண்டா.

5. உப்பு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பையும் கணக்கில் சேர்க்கவும். பீடி, சுருட்டு, புகையிலை அறவே கூடாது.

6. இருதயம் பலமிழந்தவர் காலையில் எடை பார்த்து எழுதிவரவும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால், உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள், டாக்டரிடம் செல்க.

7. சில மாத்திரைகளால் களைப்போ தசைவலியோ வருவதுண்டு. அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்க.

சங்கத்தின் கடமை

நோயுற்ற நெசவாளரின் கை தாமதிப்பதைச் சோம்பல் என்று கருதுவது அநீதி. பலகை அடிக்க இயலாதவருக்குத் தார் சுற்றுதல், துணி மடித்து அடையாளமிடுதல், கணக்கெழுதுதல் போன்ற பணிகளைச் சங்கம் ஒதுக்கித் தரலாம். மண் வெட்ட இயலாத உழவருக்கு நாற்றங்கால் காவலும் விதை தேர்தலும் உள்ளன. வருவாய் முற்றும் நின்றுவிடாது என்ற தைரியம் இருந்தால், நோயை மறைப்போர் குறைவர். உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோர் பெருகுவர். ஒருவர் பாரத்தைப் பலர் பகிர்தலே கூட்டுறவு அன்றோ?

அங்கத்தினர் சிந்தனைக்கு

அ. சென்ற ஆண்டு எளிதாகச் செய்து, இவ்வாண்டு நான் தவிர்த்துவரும் வேலை எது?

ஆ. என் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாகப் பார்த்தது எப்போது?

இ. என் பக்கத்துத் தறியில் அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்குபவர் யார்? அவரிடம் நான் விசாரித்தேனா?

இம்மூன்று வினாக்களையும் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் விடையுடன் கொண்டு வருவாராக.